பாயிண்டில் நின்றுபோகும் இன்ஜின்: என்-ஸ்கேலை விட்டு எச்ஓவுக்கு மாறலாமா?

கேள்வி, ஜூன் 2

என் மாடல் ரயில் பலகை 120 × 60 செ.மீ. அதில் என்-ஸ்கேல் (1:160 அளவு) நீள்வட்டம் ஒன்று, உள்ளே மூன்று சைடிங்குகள் (பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தடங்கள்). சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) கட்டுப்பாட்டுப் பெட்டி. பெரிய டீசல் இன்ஜின் சிக்கலின்றிச் சுற்றுகிறது. பெட்டிகளை இடம் மாற்றும் நான்கு சக்கர ஷண்டிங் இன்ஜின்தான் பாயிண்டுகளில், அதாவது தடம் பிரியும் இடங்களில், நின்றுவிடுகிறது. விரலால் தட்டினால் மறுபடி ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் கடவுள் கைபோல் மேலிருந்து விரல் வந்தால் அது என்ன ரயில்வே? என்-ஸ்கேல் என்பதே அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான், ஓட்ட வேண்டுமானால் அதைவிடப் பெரிய எச்ஓ அளவுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

மறுக்கிறேன். ஆனால் முதலில் மூன்று விவரங்கள் வேண்டும். பாயிண்டின் மூக்கு, அதாவது இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் அந்தக் கூர்முனை, உலோகமா பிளாஸ்டிக்கா? இன்ஜின் நிற்பது எப்போதும் ஒரே இடத்திலா? பாயிண்டை நேராக வைத்தாலும் நிற்கிறதா, திருப்பிவிட்டால் மட்டுமா?

பிளாஸ்டிக் என்றால் அந்த இடத்தில் மின்சாரம் கிடையாது. நான்கு சக்கர இன்ஜினுக்கு ஒரு பக்கத்தில் இரண்டே சக்கரங்கள். ஒன்று மூக்கின் மேல் நிற்கும்போது மற்றொன்றை நம்பித்தான் அது உயிரோடு இருக்கிறது. அந்த மற்றொன்றின் கீழ் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் போதும், ஆட்டம் முடிந்தது.

ஜூன் 3

எச்ஓவுக்கு மாறினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் ஆளை ஏமாற்றுகிறது.

எச்ஓ 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. என்-ஸ்கேல் 1:160, இடைவெளி 9 மி.மீ. நீளத்தில் பார்த்தால் என்-ஸ்கேல் இன்ஜின் எச்ஓ இன்ஜினில் பாதியைவிடச் சற்றுப் பெரிது. அதே நிலையத்தை அமைக்க எச்ஓவில் தேவைப்படும் பரப்பில் 30 சதவீதம் போதும். இந்தக் கணக்கைக் காட்டித்தான் எல்லோரும் என்-ஸ்கேலுக்கு வருகிறார்கள், நானும் அப்படி வந்தவன்தான். சொல்லாமல் விடும் கணக்கு இன்னொன்று இருக்கிறது. எடை நீளத்தோடு சேர்ந்து குறைவதில்லை, கன அளவோடு குறைகிறது. ஒரே இன்ஜினை இரண்டு அளவிலும் ஒரே பொருளில் வார்த்தால், என்-ஸ்கேல் இன்ஜின் எச்ஓவின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் வரும். சக்கரம் தண்டவாளத்தை அழுத்தும் விசையும் அதே ஆறில் ஒன்று.

தூசி மட்டும் சுருங்குவதில்லை. எச்ஓ தண்டவாளத்தில் விழும் அதே துகள்தான் இங்கேயும் விழுகிறது. சட்டை நூலிழையும் விரல் ரேகையின் எண்ணெயும் அப்படியே. அங்கே கனமான சக்கரம் அதை நசுக்கிக்கொண்டு போய்விடும், இங்கே இன்ஜின் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே எச்ஓ பொறுத்துப் போகும், என்-ஸ்கேல் போகாது. ஆனால் எச்ஓவிலும் மின்சாரம் வராத மூக்கில் சின்ன இன்ஜின் நிற்கத்தான் செய்யும். தவிர, உங்கள் 60 செ.மீ. அகலத்தில் எச்ஓ வளைவு திருப்ப இடமே இல்லை. நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் போய்வர முடியும், அவ்வளவுதான்.

ஜூன் 3, பிற்பகல்

"1:160 என்றால் எடையும் 160இல் ஒரு பங்குதானே" என்று கேட்டவருக்கு: இல்லை. 160ஐ 160ஆல் பெருக்கி மறுபடி 160ஆல் பெருக்குங்கள். நாற்பது லட்சத்துச் சொச்சம் வரும். நூறு டன் இன்ஜினை அதால் வகுத்தால் 24 கிராம்தான். தயாரிப்பாளர்கள் உள்ளே உலோகக் கட்டியைத் திணித்து அதைவிடக் கனமாகவே தருகிறார்கள். ஆக, உங்கள் இன்ஜின் விகிதப்படி பார்த்தால் ஏற்கெனவே குண்டு.

ஜூன் 5

பதில் வரும்வரை சக்கரங்களைச் சுத்தம் செய்துவைக்கலாம். எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

காகிதத் துவாலையில் ஒரு துண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஈரமாக்கித் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரம் போதும். சக்கரம் பொறி விடும், ஆல்கஹால் பற்றக்கூடியது, சன்னல் திறந்திருக்கட்டும். பெரிய இன்ஜினின் ஒரு பக்கச் சக்கரத்தொகுதியை வெறும் தண்டவாளத்தில் வைத்து, மறுபக்கத்தைத் துவாலையின் மேல் வைத்து, மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். இந்தப் பக்கம் மின்சாரம் எடுக்கும், அந்தப் பக்கச் சக்கரங்கள் துவாலையில் வழுக்கிச் சுழலும். சில நொடிகளில் துவாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும், மை போட்டு இழுத்ததுபோல. துவாலையை நகர்த்திப் புது இடத்தில் வைத்துக் கோடு சாம்பல் நிறமாகும்வரை தொடருங்கள். பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து மறுபக்கம்.

நான்கு சக்கர இன்ஜினில் இந்த வித்தை பலிக்காது. இரண்டு அச்சுகளில் ஒன்று துவாலையில் நின்றால் மின்சாரம் எடுக்க மிஞ்சுவது ஒன்றுதான், திணறும். அதைத் தலைகீழாகக் கிடத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைச் சக்கரங்களில் தொட்டு ஓடவிட்டு, பஞ்சுக் குச்சியால் துடையுங்கள்.

துடைக்கும்போது ஒன்றைப் பாருங்கள். நான்கில் ஒரு சக்கரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா? இழுவைக்காகப் போடுவார்கள். இருந்தால் மின்சாரம் எடுப்பவை மூன்றே சக்கரங்கள். ரப்பர் இருக்கும் பக்கமும் மூக்கு இருக்கும் பக்கமும் ஒன்றாக அமைந்துவிட்டால் இன்ஜின் நின்றே தீரும், அழுக்கு தேவையில்லை. சோதிப்பது எளிது: இன்ஜினை முன்பின்னாகத் திருப்பி வைத்து ஓட்டுங்கள். அப்போது கடந்துவிட்டால் குற்றவாளி ரப்பர்.

ஜூன் 6

ஆல்கஹாலா மண்ணெண்ணெயா என்ற சண்டையை இங்கும் ஆரம்பித்துவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சிறு மின்பொறிகள் உண்டாகின்றன. அவைதான் அந்தக் கறுப்பை உண்டாக்குகின்றன. ஆல்கஹால் போன்ற துருவத் தன்மையுள்ள கரைப்பான்கள் விட்டுச்செல்லும் மிச்சப் படலம் இந்தப் பொறிகளுக்குத் துணைபோகிறது, மண்ணெண்ணெய் போன்றவை அப்படிச் செய்வதில்லை, ஆகவே கறுப்பு மெதுவாகத் திரும்புகிறது என்பது ஒரு கட்சி. ஆல்கஹால் முழுவதுமாக ஆவியாகிவிடுகிறது, மண்ணெண்ணெய் வீடெல்லாம் நாறுகிறது என்பது எதிர்க்கட்சி.

நான் ஆல்கஹாலில் கழுவி, கடைசித் துடைப்பை மற்றதில் முடிக்கிறேன். இரண்டு கட்சியும் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை.

உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்கள் அடுத்த அழுக்குக்குக் குடியிருப்பு.

ஜூன் 9

கேட்டவரின் பதில் வந்திருக்கிறது, படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூக்கு உலோகம். ரப்பர் வளையம் இல்லை. நேராகப் போகும்போது நிற்பதே இல்லை, சைடிங்குக்குத் திருப்பிவிட்டால்தான் நிற்கிறது. சில நேரம் சைடிங்குக்குள் கையால் தூக்கி வைத்தாலும் அசைவதில்லை.

அப்படியானால் என் முதல் சந்தேகம் மூக்கிலிருந்து நாக்குக்கு, அதாவது பாயிண்டைத் திருப்பும்போது நகரும் கூரான தண்டவாளத் துண்டுக்கு, நகர்கிறது. உலோக மூக்குள்ள இத்தகைய பாயிண்டுகளில், மூக்குக்கும் அதன் பின்னால் உள்ள சைடிங்குக்கும் மின்சாரம் போவது நாக்குத் தண்டவாளம் வழியாக. நாக்கு நகர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த மெல்லிய விளிம்புதான் சுவிட்ச். அங்கே ஒரு துளி பெயின்ட், ஜல்லி ஒட்டிய பசை, வெறும் தூசி, எதுவானாலும் சரி, சைடிங் முழுவதும் இருட்டு.

நீங்கள் தட்டியது இன்ஜினை. அசைந்தது நாக்கு. விரலின் அதிர்ச்சியில் தொடர்பு திரும்பி வந்திருக்கிறது. பெரிய டீசல் இன்ஜின் நிற்காததற்கும் காரணம் அதன் பெருமை அல்ல. அது வட்டத்தைத்தான் சுற்றுகிறது, சைடிங்குக்குள் போனதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஒருமுறை உள்ளே விட்டுப் பாருங்கள்.

சோதனை: பாயிண்டைத் திருப்பி வைத்து, இன்ஜின் நிற்கும்போது, காய்ந்த மரக்குச்சியால் நாக்கைப் பக்கத்துத் தண்டவாளத்தோடு சேர்த்து அழுத்துங்கள். இன்ஜினைத் தொடவே வேண்டாம்.

ஜூன் 9, சிறிது நேரம் கழித்து

உலோகக் குச்சி அல்ல. மரம். கேட்பதற்கு முன்பே சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 11

அழுத்தியதும் பாய்ந்து ஓடியதாம். பெரிய இன்ஜினும் சைடிங்கில் நின்றதாம். நல்லது.

மருந்து இரண்டு வகை. முதலாவது, நாக்கின் உட்பக்கத்தையும் அது தொடும் இடத்தையும் ஆல்கஹால் தோய்த்த கெட்டி அட்டைத் துண்டால் தேய்ப்பது. சில வாரங்களுக்குத் தாங்கும், பிறகு பழைய கதை. இரண்டாவது நிரந்தரமானது. நாக்குகளையும் மூக்கையும் இணைக்கும் மின்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்திலுள்ள வெளித் தண்டவாளத்தோடு மெல்லிய கம்பியால் பற்றவைக்க வேண்டும். மூக்குக்குத் தனிக் கம்பி கொடுத்து, பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தத் துருவத்தை அதற்கு அனுப்பும் சுவிட்சோடு இணைக்க வேண்டும். மூக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களிலும், அதாவது சைடிங் பக்கம் ஒன்றிலும் நேர்ப் பாதையில் ஒன்றிலும், பிளாஸ்டிக் இணைப்புத் தகடு போட மறக்காதீர்கள். தகடுக்கு அப்பால் உள்ள தண்டவாளங்களுக்குத் தனிக் கம்பி. அதன்பின் நாக்கு தொட்டாலும் தொடாவிட்டாலும் கவலை இல்லை.

இதில் இன்னொரு லாபம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும் நிலையில் விலகி நிற்கும் நாக்கு எதிர்த் துருவத்தில் இருக்கும். சக்கரத்தின் பின்பக்கம் அதை உரசினால் ஷார்ட். அச்சில் சக்கரங்கள் சற்று நெருங்கியிருக்கும் பழைய பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வெளியிடும் அளவுகோல் தகடு ஒன்று கையில் இருந்தால் சக்கர இடைவெளியையும் தண்டவாள இடைவெளியையும் ஒரே தகட்டில் பார்த்துவிடலாம். என் மேசையில் ஸ்க்ரூடிரைவருக்கு அடுத்தபடியாக அதிகம் தேய்ந்தது அதுதான்.

ஜூன் 14

பாயிண்ட் கதையை விட்டு விலகி, மேலே ஒருவர் "இவ்வளவு செய்கிறீர்கள், ஒரு மேம்பாலமும் போட்டு ரயிலை ரயிலுக்கு மேல் விடுங்கள்" என்று ஆசை காட்டியிருக்கிறார். கேட்டவர் மயங்குவதற்குள் கணக்குப் போட்டுவிடுவோம்.

பலகையின் அகலத்தில் 249 மி.மீ. ஆர வளைவுதான் வசதியாக உட்காரும். நீள்வட்டத்தின் முழுச் சுற்று அப்போது ஏறத்தாழ 2.75 மீட்டர். கீழே போகும் ரயிலின் தலை இடிக்காமல் இருக்க, பாலத்தின் தடிமனையும் சேர்த்து 50 மி.மீ. உயர வேண்டும். 2 சதவீதச் சரிவில் 50 மி.மீ. ஏற 2.5 மீட்டர், இறங்க இன்னொரு 2.5 மீட்டர். சுற்றே அவ்வளவு இல்லை. 4 சதவீதம் என்றால் ஏறி இறங்க 2.5 மீட்டர், கணக்கில் அடங்கும். ஆனால் சைடிங்குகள் எங்கிருந்து பிரியும்? சரிவில் நிறுத்திய பெட்டிகள் உங்கள் அனுமதி இல்லாமலேயே ஷண்டிங் செய்துகொள்ளும்.

நான் ஒரு காலத்தில் 4 சதவீதச் சரிவு வைத்திருந்தேன். பார்க்க அழகு. இன்ஜின் மூன்று பெட்டிகளோடு ஏறும், நான்காவதைச் சேர்த்தால் சக்கரம் சுழன்றபடி அங்கேயே நிற்கும். பிரித்துத் தட்டையாக்கிய பிறகுதான் அந்தப் பலகையில் உருப்படியாக எதுவும் ஓடியது.

ஜூன் 15

மேம்பாலத்துக்குப் பதில் என்ன என்று கேட்டிருக்கிறார். உங்களிடம் ஏற்கெனவே மூன்று சைடிங் இருக்கிறதே. ஆலன் ரைட் அமைத்த இங்கிள்நுக் ஷண்டிங் புதிர் அதற்குள் அடங்கும். ஒரு தடத்தில் ஐந்து பெட்டிகளுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்று, வெளியே இழுத்து நிற்கும் தடத்தில் இன்ஜினும் மூன்று பெட்டிகளும். மொத்தம் எட்டுப் பெட்டிகள். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்தெடுத்து, வந்த வரிசையிலேயே நீளமான தடத்தில் நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக அமைக்கும் வழிகள் 6720. வட்டத்தில் ஓடும் ரயில் அரை மணி நேரத்தில் அலுத்துவிடும், இது அலுக்காது. ஆனால் இன்ஜின் ஒருமுறைகூட நிற்கக் கூடாது. ஆகவே மறுபடி பாயிண்டின் நாக்கு.

ஷண்டிங் புதிர்களில் இன்னொன்று டைம்சேவர். அதை உருவாக்கியவர் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் பிரம்மாண்டமான எச்ஓ லேஅவுட் (மாடல் ரயில் அமைப்பு) அமைத்த ஜான் ஆலன். அந்த லேஅவுட்டில் ஷண்டிங் இன்ஜினுக்குப் பதிலாக ஒரு ஸ்டெகோசாரஸை நிறுத்தியிருந்தார். ஆம், டைனோசர். அத்தனை நுணுக்கமாக மலையும் பாலமும் செய்த மனிதர் நடுவே டைனோசரையும் விட்டார். அந்த விலங்குக்குச் சக்கரம் துடைக்க வேண்டியிருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். 1973 ஜனவரியில் அவர் இறந்தார், சில நாட்களிலேயே லேஅவுட்டின் பெரும்பகுதி தீயில் போனது. மிஞ்சியவை புகைப்படங்கள்.

ஜூன் 19

வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2.75 மீட்டர் சுற்றை 8 நொடியில் முடித்தால் அது அசல் ரயிலில் மணிக்கு 198 கி.மீ. உங்கள் சரக்கு ரயில் அப்படித்தான் பறக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். ஷண்டிங் யார்டில் மணிக்கு 10 கி.மீ. என்றால் என்-ஸ்கேலில் நொடிக்கு 17 மி.மீ. பலகையின் குறுக்களவைக் கடக்க அரை நிமிடத்துக்கு மேல்.

அந்த வேகத்தில் ஓட்டும்போதுதான் எல்லா வியாதியும் வெளியே தெரியும். வேகமாகப் போகும் இன்ஜின் அழுக்கைத் தன் ஓட்டத்திலேயே தாண்டிவிடும். தடம் போட்டு முடித்ததும், மரமும் வீடும் வைப்பதற்கு முன், நொடிக்கு 17 மி.மீ. வேகத்தில் ஒவ்வொரு அங்குலத்தையும் கடக்கவிடுங்கள். நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோடுகள் எல்லாம் அழிந்த பிறகு பசைப் புட்டியைத் திறக்கலாம்.

ஜூன் 21

"தண்டவாளத்தின் உயரம் தவறு, கோட் 80 பார்க்கவே சகிக்கவில்லை" என்று எழுதியவருக்கு. கணக்கு உங்கள் பக்கம்தான். கோட் 80 என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் 80 பங்கு உயரம், 2.03 மி.மீ., அசல் அளவில் 325 மி.மீ. ஐரோப்பாவின் கனமான யுஐசி 60 தண்டவாளமே 172 மி.மீ.தான். கோட் 55க்கு மாற்றினாலும் 224 வருகிறது, அதுவும் பூதம்தான். கோட் 40 போட்டால் 163, கிட்டத்தட்ட சரி. ஆனால் பழைய இன்ஜின்களின் ஆழமான சக்கர விளிம்புகள் ஆணித் தலைகளில் தட்டித் தடதடக்கும். இன்ஜினே ஓடாத ஒருவரிடம் தண்டவாள உயரத்தைப் பற்றிப் பேசுவது இப்போதைக்கு வேண்டாமே.

ஜல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசலில் 50 மி.மீ. கல் இங்கே 0.3 மி.மீ., தூள்தான். நாக்கின் அருகே அதை ஒட்டும்போது பசை ஊர்ந்து உள்ளே போகும். பாயிண்டின் நகரும் பகுதியில் ஜல்லியைக் கொட்டவே வேண்டாம், அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெயின்ட் போதும். இயற்கை மணல் என்றால் ஒரு காந்தத்தைப் பையில் சுற்றி அதற்குள் துழாவுங்கள். இரும்புத் துகள் இருந்தால் மோட்டார் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு இன்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஜூன் 28

டிசிசி (தண்டவாளம் வழியாக இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) போட்டால் இதெல்லாம் தேவையில்லை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். முன்பு நானும் ஏறக்குறைய அதையே நினைத்தேன், இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. டிஜிட்டலில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். டிசியில் மெதுவாக ஓட்டும்போது மின்னழுத்தமும் குறைவு, மெல்லிய அழுக்குப் படலத்தைத் துளைக்கக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. அந்த வகையில் டிஜிட்டல் மேல். ஆனால் தொடர்பு ஒரு கணம் அறுந்தால், இன்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரும் ஒரு கணம் செத்துப் பிழைக்கும், சத்தம் எழுப்பும் இன்ஜினில் அது காதிலேயே கேட்கும். மின்தேக்கி வைத்துச் சமாளிக்கலாம். எச்ஓவில் அதற்கு இடம் உண்டு. நான்கு சக்கர என்-ஸ்கேல் இன்ஜினுக்குள் டிகோடரே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலும் ஷார்ட் ஆனால், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் டிசிசி பூஸ்டர் மொத்த லேஅவுட்டையும் நிறுத்திவிடும். டிசியில் பொறுத்துப்போன உரசலை அது பொறுக்காது.

ஆகவே கம்பி வேலையை முடித்துவிட்டு டிஜிட்டலுக்குப் போங்கள். இரண்டடிக்கு ஒரு இணைப்புக் கம்பியாவது கொடுங்கள், தண்டவாளங்களை இணைக்கும் தகடுகளை நம்ப வேண்டாம். நிக்கல் சில்வர் தண்டவாளம் செம்பைவிட மிக மோசமான கடத்தி. பெயரில் இருக்கும் வெள்ளி அதில் துளியும் இல்லை.

ஜூலை 6

மூன்று பாயிண்டுக்கும் கம்பி மாற்றிவிட்டாராம், ஷண்டிங் இன்ஜின் ஊர்ந்து கடக்கிறதாம். எச்ஓ பற்றிய பேச்சே இல்லை. புதுப் புகார்: நீளமான பயணிகள் பெட்டிகள் வளைவில் கழன்றுகொள்கின்றன.

அசலில் 26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பெட்டி என்-ஸ்கேலில் 165 மி.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழகியவர்களின் கணக்கு, அதாவது 495 மி.மீ. உங்களிடம் இருப்பது 249, ஒன்றரை மடங்குதான். பெட்டிகளை இணைக்கும் கப்ளர்கள் பக்கவாட்டில் இழுபட்டுக் கழல்கின்றன, அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்குக் கம்பியும் இல்லை, ஆல்கஹாலும் இல்லை. அந்தப் பெட்டிகளை அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு 70, 80 மி.மீ. நீளச் சரக்குப் பெட்டிகளாக எட்டு வாங்குங்கள். இங்கிள்நுக்குக்கும் அவையே வேண்டும். எடையையும் பாருங்கள்: என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி 75 மி.மீ. பெட்டிக்கு ஏறத்தாழ 27 கிராம். குறைந்தால் உள்ளே ஈயத் துண்டு ஒட்டுங்கள், தரையோடு தரையாக, நடுவில்.